ஓரம் தொலைச்ச பலகை

ஜப்பான்காரர் விட்டுட்டுப் போன பலகைன்னு சொன்ன ஒடனே ஒங்க மூஞ்சியெல்லாம் மாறுது பாருங்க. பலகைக்குள்ள ஒரு ஆவி இருக்கும், ராத்திரியில கெளம்பி வரும்னு அந்தப் பக்கம் ஒருத்தர் இப்பவே கால மடக்கி உக்காந்துட்டாரு. ஜெயிச்சவன் கோடீஸ்வரன் ஆயிடுவான்னு இந்தப் பக்கம் ஒருத்தருக்குக் கண்ணு மின்னுது. நடுவுல இருக்கிற அக்கா, கடைசியில எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு புத்தி சொல்லுவாங்கன்னு முன்கூட்டியே தலைய ஆட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஆட்டாதீங்கக்கா, சுளுக்கிக்கும். ஆவி கெடையாது, கோடி கெடையாது, புத்தி சுத்தமா கெடையாது. ஒரு கொழந்த இருக்கு, அதுக்குப் பேரு கெடையாது. அவ்ளோதான் கத.

ஒரகடத்துலேர்ந்து உள்ள தள்ளி, கம்பெனி பஸ்ஸுங்க மூச்சு வாங்கித் திரும்புற வளைவுக்குப் பின்னால குபேரலட்சுமி நகர்னு ஒரு எடம், அங்க வாஸ்து ஏகாம்பரம்னு ஒருத்தர், அவரு சொல்லாம அந்த நகர்ல ஒரு செங்கல் ஒக்காந்தது கெடையாது, ஒரு கக்கூஸ் எழுந்தது கெடையாது. வடகிழக்கு ஈசானிய மூலை, அங்க தண்ணி. தென்கிழக்கு அக்னி மூலை, அங்க அடுப்பு. தென்மேற்கு கன்னி மூலை, அங்க பீரோ. இத மாத்தினவன் வீட்ல பொண்டாட்டி பேச மாட்டா, மாத்தாதவன் வீட்ல பேசிக்கிட்டே இருப்பா, ரெண்டுக்கும் அவரே பரிகாரம் சொல்லுவாரு.

அவரு வீட்டு மாடியிலதான் ஹயாஷி சார்னு ஒரு ஜப்பான் எஞ்சினியர் வாடகைக்கு இருந்தாரு. சாயங்காலமானா கட்டம் போட்ட மரப்பலகைய எடுத்து வச்சு, சட்டைப் பொத்தான் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா காய்ங்கள வச்சு 'கோ'ன்னு ஒரு ஆட்டம் ஆடுவாரு. ஆளுக்கொரு நெறம். கோடும் கோடும் வெட்டுற எடத்துல மாத்தி மாத்தி ஒவ்வொரு காயா வைக்கணும், வச்ச காய் நகராது, எதிராளி காய நாலு பக்கமும் அடைச்சு மூச்சு முட்ட வச்சா அதத் தூக்கிடலாம், எந்த எடத்த வளைச்சுப் போடுறமோ அது நம்ம எடம். வளைச்சுப் போடுறதுன்னு சொன்னதும் நகர்ல எல்லாருக்கும் சட்டுனு புரிஞ்சுபோச்சு.

ஹயாஷி சாருக்குத் தெரிஞ்ச தமிழ் ஒரு கைப்பிடி. "மூலை மொதல்ல. அப்புறம் ஓரம். நடு, கடைசி"ன்னு சொன்னாரு. மூலையில வச்சா ரெண்டு பக்கம் பலகையோட ஓரமே காவல் காக்கும், நடுவுல வச்சா நாலு பக்கமும் நாமளே காக்கணும்ங்கறது அதுக்கு அர்த்தம். ஏகாம்பரத்துக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. "பாத்தியா சுலோ! ஜப்பான்காரனுக்கும் வாஸ்து தெரிஞ்சிருக்கு!"ன்னு பொண்டாட்டி சுலோச்சனாகிட்ட கத்தினாரு. அன்னிலேர்ந்து குபேரலட்சுமி நகர்ல கோ ஆட்டத்துக்குத் தனிச் சட்டம்: மொதக் காய் ஈசானியத்துல, கன்னி மூலையில கனமா நாலு காய், நட்டநடுவு பிரம்மஸ்தானம், அங்க காய் வச்சா வீட்டுக்கு ஆகாது. ஹயாஷி சார் பாத்தாரு, தலையச் சொறிஞ்சாரு, குனிஞ்சு கும்பிட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. பலகைய மட்டும் விட்டுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அந்த நகர்ல ஏகாம்பரத்த ஜெயிக்க ஆளே கெடையாது, ஏன்னா சட்டமே அவருதுதான்.

ஏகாம்பரத்துக்கு ஒரே பொண்ணு, மேகலா. அவள ரெண்டு தெரு தள்ளி இருக்கிற துளசிங்கத்தோட பையனுக்குக் குடுத்திருந்தாங்க. துளசிங்கம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. பேசும்போது கையி தன்னால ஸ்டியரிங் திருப்பும், கோவம் வந்தா வாயாலயே 'ப்ஷ்ஷ்'னு பிரேக் அடிப்பாரு. சம்பந்திங்க ரெண்டு பேரும் பேசினா தேன் சொட்டும். "நீங்க போங்க சம்பந்தி", "நீங்க மொதல்ல சம்பந்தி"ன்னு வாசப்படியிலயே நிப்பாங்க, பின்னால வர்றவங்க கொல்லப்பக்கமா சுத்தித்தான் உள்ள போவணும்.

மேகலாவுக்குப் பொண் கொழந்த பொறந்துச்சு. ரெண்டு குடும்பத்துலயும் ஒரே வழக்கம்: பேர மொதல்ல கொழந்த காதுலதான் சொல்லணும், அதுக்கு முன்ன வெளிய சொன்னா கண்ணு பட்டுடும். அதனால பேரு வைக்கிற அன்னிக்கு, நலச்சங்க ஹால்ல எல போட்டு மொத்த நகரும் சாம்பாருக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது, வலது காதுகிட்ட ஏகாம்பரம் குனிஞ்சாரு, எடது காதுகிட்ட துளசிங்கம் குனிஞ்சாரு, நடுவுல டங்குனு ஒரு சத்தம்.

"சம்பந்தி, தல..."

"ஒங்க தலதான் சம்பந்தி வந்து இடிச்சுது. தள்ளுங்க, எங்க வம்சப் பேரு இருக்கு."

"எங்களுக்கும் வம்சம் இருக்கு சம்பந்தி. பெத்தவ என் பொண்ணு."

"இனிஷியல் எங்களுது. ப்ஷ்ஷ்!"

"யாராவது ஒருத்தர் ஓதுங்கோ, எனக்குப் படப்பையில கிரகப்பிரவேசம் இருக்கு"ன்னு ஐயர் வாட்சப் பாத்தாரு. ஏகாம்பரம் நெத்தியத் தடவிக்கிட்டே சிரிச்சாரு. "சண்ட வேணாம் சம்பந்தி, ஒரு ஆட்டம் போட்டுடலாம். ஜெயிச்சவரு காதுல சொல்லட்டும். சாம்பார் ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்." துளசிங்கம் ரோசக்காரரு. "கொண்டாங்க பலகைய"ன்னுட்டாரு.

பலகை வந்துச்சு. ஏகாம்பரம் கறுப்ப எடுத்துக்கிட்டாரு, சாமி கும்பிட்டாரு, ஈசானிய மூலையப் பாத்துக் கைய நீட்டினாரு. மூலை இல்ல.

பலகை அதே பலகைதான், ஒரு மொழ அகலம், கண்ணால பாத்தா நாலு பக்கமும் மரம் முடியிறது நல்லாத் தெரியுது. ஆனா வடக்கால போன கையி தெக்கால எட்டிப் பாக்குது, கெழக்கால தள்ளின காய் மேக்கால உருண்டு வருது, ஓரத்துக்குப் போறேன்னு போனா ஓரம் நகந்து வழி விடுது. சங்கத் தலைவர் எந்திரிச்சு வந்து சாம்பார் கிண்ணத்த ஓரத்துல வச்சுப் பாத்தாரு. பாதிக் கிண்ணம் இந்தப் பக்கம், மீதிக் கிண்ணம் எதிர்ப்பக்கம், ஒரு சொட்டு சிந்தல. "லெவல் கரெக்டாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு எலைக்குத் திரும்பிட்டாரு. ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்ல, அப்பளம் நமுத்துக்கிட்டு இருந்துச்சு.

ஏகாம்பரம் தூக்கின காயத் தூக்கினபடியே ஒக்காந்திருந்தாரு. சாம்பார் போச்சு, ரசம் போச்சு, பாயசம் வந்து போச்சு.

"வைங்க சம்பந்தி. ஓரமே இல்லைன்னா எங்க வச்சாலும் ஒண்ணுதானே?"

"எங்க வச்சாலும் ஒண்ணுன்னா எப்பிடி சம்பந்தி வைக்கிறது?"

பொழுது சாயிற வரைக்கும் வைக்கல. ஐயர் படப்பைக்குப் போயிட்டாரு, கொழந்த பேரில்லாம தூங்கிடுச்சு, ஆட்டத்த அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளி வச்சாங்க.

தோத்துடுவோம்னு ஏகாம்பரத்துக்குப் பயம் வந்தது அன்னிக்குத்தான். அவரு வைக்க நெனச்சது அவரோட அம்மா பேரு. ஒரே ஒரு தடவ தவிர, அந்தப் பேர யாரும் கூப்ட்டு அவரு கேட்டதே கெடையாது. ஊருக்கு அவங்க 'கடைசி வீட்டுக்காரி', புருஷனுக்கு 'ஏய்', பெத்த புள்ளைக்கு 'அம்மா'. சின்னப் புள்ளையில அவங்களோட பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப, நர்ஸம்மா வாசல்ல நின்னு ஒரு பேர திரும்பத் திரும்பக் கூப்ட்டாங்க, பெஞ்சுல யாரும் எந்திரிக்கல, அம்மா ஜொரத்துல கண்ண மூடிக் கெடந்தாங்க, இவரும் யாரோ எவரோன்னு கால ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. அது தன்னோட அம்மா பேருன்னு தெரிஞ்சப்ப டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தாரு. அந்தப் பேர ஒரு பொண் கொழந்தைக்கு வச்சு, தெனம் சாயங்காலம் தெருவுல வெளையாடுறப்ப வாசல்ல நின்னு கத்திக் கூப்புடணும், அந்தப் பேருக்கு ஒருத்தி 'இதோ வரேன்'னு ஓடி வரணும். பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருந்தாரு. இப்ப பாத்து இந்தப் பலகைக்கு ஓரம் போச்சு.

நகர் அந்தப் பலகையோட குடித்தனம் பண்ணப் பழகிக்கிச்சு. சுலோச்சனா தொடைக்கப் போனா: கெழக்கால தள்ளின தூசி மேக்கால வந்து நின்னுச்சு, மேக்கால தள்ளினது கெழக்கால வந்துச்சு, முந்தானையச் சொருகிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் போராடிப் பாத்துட்டு, "நம்ம வீடும் இப்பிடித்தானே இருக்கு"ன்னு துணிய ஒதறிட்டு எந்திரிச்சுட்டா. ஒரு எறும்பு ஏறுச்சு, எறங்க எடம் தெரியாம நடந்துக்கிட்டே இருந்துச்சு, ஹாலுக்கு வர்றவங்க போறவங்க அதுக்கு ஒரு துளி சக்கர வச்சுட்டுப் போனாங்க. கண்ணாடியையும் சாவியையும் எங்கயாவது தவற விடுற மூணாவது தெரு வாத்தியாரு, எங்கயும் விழாதுன்னு அதையெல்லாம் பலகை மேலயே வச்சுப் பழகிட்டாரு. டிவிக்காரங்க வந்தாங்க, தலைவர் கிண்ணத்த வச்சுக் காட்டினாரு, "நெஜமாவே எடுத்தாலும் கிராபிக்ஸ்னுதான் சார் சொல்லுவாங்க"ன்னு சொல்லிட்டு, அடுத்த தெருவுல பாத்ரூம்ல பாம்புன்னு கேள்விப்பட்டு அங்க ஓடிட்டாங்க. கவுன்சிலர் வந்து, அடுத்த நிதியாண்டுல பலகைக்கு ஓரம் கட்டித் தரோம்னு மைக்ல சொல்லிட்டுப் போனாரு.

அடி விழுந்தது ஏகாம்பரத்தோட தொழிலுக்குத்தான். நாலாவது தெரு பூவராகன் வந்தாரு, செருப்பக் கழட்டாமயே ஆரம்பிச்சாரு.

"ஏங்க, மூலையே இல்லாம அந்தப் பலகை நல்லாத்தானே இருக்குது?"

"இருக்குது."

"எறும்புகூட சௌக்கியமா இருக்குது."

"இருக்குது."

"அப்ப எங்க வீட்டு கக்கூஸ மட்டும் எதுக்குங்க இடிக்கச் சொன்னீங்க?"

ஏகாம்பரத்துக்கு ஏழு பரிகாரம் தெரியும், இந்தக் கேள்விக்கு ஒண்ணுகூட பொருந்தல. பூவராகன் போய் இடிச்ச எடத்துலயே திருப்பிக் கட்டினாரு, அதப் பாத்து நாலு பேரு பீரோவ இஷ்டத்துக்கு நகத்தினாங்க, நகர் பூரா கட்டில் இழுக்கிற சத்தம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுதான் அவருக்குத் தாங்கல.

கொழந்த வளந்துச்சு. பேரு இல்லாததால மொதத் தெருவுல 'பாப்பா'ன்னாங்க, ரெண்டாவது தெருவுல 'ஜப்பான்'னாங்க, எலையில சாம்பார் ஆறிக் கெடந்தத மறக்காத பூவராகன் 'சாம்பாரு'ன்னாரு. சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மா "பேரு?"ன்னு கேட்டதுக்கு மேகலா "ஆட்டம் முடியலீங்க"ன்னா, அந்தம்மா வடநாட்டுப் பேரு போலன்னு நெனச்சுத் தலைய ஆட்டிக்கிட்டாங்க. கொழந்த எல்லாத்துக்கும் திரும்புச்சு. கத்திரிக்கா வண்டிக்காரரு கூவினாலும் தன்னத்தான்னு திரும்புச்சு.

"அப்பா, பல்லு மொளைச்சாச்சு, இன்னும் பேரு மொளைக்கல"ன்னு மேகலா கேட்டா.

"ஒங்க மாமனார விட்டுக் குடுக்கச் சொல்லு."

"அவரு ஒங்கள விட்டுக் குடுக்கச் சொல்லுன்றாரு. நான் ஒண்ணு கேக்கட்டுமா? பெத்தவள யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"சும்மா இரும்மா, பெரியவங்க ஆடிக்கிட்டு இருக்கோம்ல?"

ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதே ஒரு ஆட்டம், விட்ட எடத்துலேர்ந்து நடந்துச்சு. மொதல்ல எல்லாம் துளசிங்கம் கைதான் ஓங்கி இருந்துச்சு. "பஸ்ஸுக்குக் கடைசி ஸ்டாப்புன்னு நீங்க நெனைக்கிறீங்க சம்பந்தி, எனக்கு அங்க ஒரு டீ, மறுபடி அதுவே மொத ஸ்டாப்பு"ன்னு ஸ்டியரிங்க ஒடிச்சு ஒடிச்சு, வெள்ளைய இந்தப் பக்கம் வெளிய விட்டு அந்தப் பக்கம் உள்ள ஏத்துவாரு. ஏகாம்பரம் இல்லாத மூலையத் தேடித் தேடிக் காயப் பறிகுடுத்துக்கிட்டு இருந்தாரு. ஆனா ஒரு ஞாயித்துக்கெழம, கண்ண இறுக்க மூடிக்கிட்டு, தன் வாழ்நாள்ல மொத தடவையா, பிரம்மஸ்தானம்னு அவரே பயந்துக்கிட்டு இருந்த எடத்துல ஒரு கறுப்ப வச்சாரு. இடி விழல. ஓரம் போனா நடுவும் போச்சுன்னு அவருக்கு அப்பத்தான் ஒறைச்சுது. அங்கேர்ந்து அவரு ஆட்டமே வேற.

ஆட்டத்துக்கு ஒரு வாரம்கூட தவறாம வந்தது பாத்திரக்கட கனகாம்புஜம். பஸ் ஸ்டாண்டுகிட்ட பெரிய கட, கல்லாவ விட்டு எந்திரிக்காத பொம்பள, ஞாயித்துக்கெழமன்னா மட்டும் மடக்கு நாற்காலியத் தூக்கிக்கிட்டு மொத வரிசைக்கு வந்துடுவாங்க. ரெண்டு சம்பந்தியையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க, நெளிவாங்க, எதையோ சொல்ல வாயத் தொறப்பாங்க, முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு வெளிய ஓடிடுவாங்க. அந்தம்மாவுக்கு ஆட்டத்துமேல அவ்ளோ ஈடுபாடுன்னு சிலரு சொன்னாங்க, மூலம்னு சிலரு சொன்னாங்க.

கடைசியா ஒரு ஞாயித்துக்கெழம ஏகாம்பரம் தொரத்த ஆரம்பிச்சாரு. துளசிங்கம் வெள்ளைய ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வச்சு சங்கிலியா நீட்டிக்கிட்டே ஓட, கறுப்பு பின்னாலயே வெரட்ட, கெழக்கால வெளிய போயி மேக்கால உள்ள வந்து, தெக்கால எறங்கி வடக்கால ஏறி, வாத்தியாரோட சாவிய ஒரு ஓரமா தள்ளி வச்சுட்டு, எறும்ப ஒரு எலையில தூக்கி ஒக்கார வச்சுட்டு, ஹால் பூரா நாற்காலி மேல ஏறி நின்னு "அங்க வருது, இங்க வருது"ன்னு கத்த, வெள்ளை பலகையையே ஒரு சுத்து சுத்திக் கெளம்பின எடத்துக்கே வந்து பாத்தா, அங்க போவ வழி இல்லாம அதோட வாலே குறுக்க நின்னுச்சு. நாலு பக்கமும் கறுப்பு. மூச்சு விட ஒரே ஒரு காலி எடம் பாக்கி. அந்த எடத்துல ஏகாம்பரம் ஒரு காய் வச்சா சங்கிலி மொத்தமும் போச்சு, ஆட்டம் போச்சு, பேரு அவருது.

துளசிங்கத்தோட கையி மடியில கெடந்துச்சு, ஸ்டியரிங் திருப்பல.

மேகலா கொழந்தையத் தூக்கிட்டு வந்து நின்னா. ஒடனே அது இடுப்புலேர்ந்து நழுவி எறங்கி, நடந்து போயி நலச்சங்கத் தலைவரோட வேட்டியப் புடிச்சுக்கிச்சு, அந்த அளவுக்கு வளந்திருந்துச்சு. "எங்கப்பா ஜெயிச்சாரா, மாமா ஜெயிச்சாரா, யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க"ன்னா.

ஏகாம்பரம் காயத் தூக்கினாரு. அப்ப துளசிங்கம் மெதுவாப் பேசினாரு, பிரேக் சத்தமே இல்லாம.

"வைங்க சம்பந்தி. நியாயமாத்தான் ஜெயிச்சீங்க. மனசுல ஒரே ஒரு கொறைதான். நான் வைக்க நெனச்சது எங்கம்மா பேரு. வம்சம் அது இதுன்னு சும்மா சொன்னேன். வண்டி ஓட்டி ஓட்டிக் கடைசியில அவங்களப் பாக்கக்கூட நேரத்துக்குப் போவல. அந்தப் பேர வாய் நெறையக் கூப்டணும்னு இருந்தேன்."

ஏகாம்பரத்தோட கையி நடுவுலயே நின்னுச்சு. "நெசமாவா சம்பந்தி? எனக்கும் எங்கம்மா பேருதான்."

ஹால்ல ஒரு 'த்ச்சு' எழுந்து அடங்குச்சு. சுலோச்சனா மூக்கச் சிந்தினா. பூவராகன்கூட கக்கூஸ மறந்துட்டுக் கண்ணத் தொடைச்சாரு. ஏகாம்பரத்துக்கு விட்டுக் குடுத்துடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆஸ்பத்திரி பெஞ்சு ஞாபகம் வந்துச்சு, தோணினது ஓடிப்போச்சு.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. அம்மான்னா எல்லாருக்கும் அம்மாதான். ஆனா ஒங்கம்மா வேற, எங்கம்மா வேற, பேரு வேற. ஒரு கொழந்தைக்கு ரெண்டு பேரா வைக்க முடியும்? ஆட்டம்னா ஆட்டம்தானே?"

"ஆட்டம்னா ஆட்டம்தான் சம்பந்தி. வைங்க."

ஏகாம்பரம் மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு, ஹயாஷி சார் மாதிரியே ரெண்டு வெரல் நடுவுல காயப் புடிச்சு, அந்தக் கடைசி மூச்சுக்கு மேல கையக் கொண்டு போனாரு. மொத வரிசையில மடக்கு நாற்காலி படீர்னு மடங்கி விழுந்துச்சு. கனகாம்புஜம் எந்திரிச்சு நிக்கிறாங்க, முந்தானைய வாயிலேர்ந்து பிடுங்கி எறியிறாங்க.

"யோவ், போதும்யா! என்னால முடியல! சத்தியமாவது மண்ணாவது! பத்துப் பொருத்தம் பாத்தீங்களே, கோத்திரம் பாத்தீங்களே, பொண்ணுக்குப் பல்லு எத்தனன்னு எண்ணிப் பாத்தீங்களே, அந்த ரெண்டு கெழவிங்களுக்கும் பேரு என்னன்னு ஒருத்தராவது ஒருத்தர ஒரு வார்த்த கேட்டீங்களா? பேரு வைக்கிறதுக்கு மொத நாளு காலையில ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர், தனித்தனியா எங்கடைக்கு வந்து, கொழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் வாங்கி, பேரு வெட்டச் சொல்லி, வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனீங்க, ரெண்டு கிண்ணத்துலயும் 'அஞ்சலை'ன்னுதான்யா வெட்டி வச்சிருக்கேன்!"